டொக்டருக்குச் சட்டை தைத்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ரொறன்ரோவில் பார்க்டேல் என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஒரு படுக்கையறை, ஒரு வரவேற்பறை. வரவேற்பறை என்பது பெயருக்குத்தான். வருகிறவர்களை அங்கே வரவேற்றது என் தையல் மெஷின். கட்டடத்திலிருந்த தமிழ்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேரின் இடுப்பளவு எனக்குப் பாடம். அவர்கள் சொல்லுகிற அளவும் தெரியும், உண்மையான அளவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் தைப்பதுதான் என் தொழில்.

என் கணவருக்கு நகர மத்தியில் ஒரு ஹோட்டலில் வேலை. மண்டபங்களில் மேசை கதிரை அடுக்குவார். கலியாணம் என்றால் வட்ட மேசை, கூட்டம் என்றால் நீள மேசை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அங்கிருந்து போன் எடுத்தார்.

"இஞ்சேரும், ஒரு அவசரம். ஆபிரிக்காவிலை இருந்து பெரிய பெரிய தலைவர்மார் இஞ்சை கூட்டத்துக்கு வந்திருக்கினம். எல்லாரும் சுகாதாரப் பகுதி. அதிலை ஒரு பொம்பிளை டொக்டரின்ர பெட்டி வந்து சேரேல்லை. நாளைக்குக் காலமை அவ பேச வேணும். ரெண்டு நாளாப் போட்ட உடுப்போட நிக்கிறா. கடையளிலை அவவின்ர அளவுக்கு ஒண்டும் இல்லையாம்."

"அதுக்கு?"

"என்ர மனிசி தைப்பா எண்டு சொல்லிப் போட்டன்."

"எப்ப சொன்னனீங்கள்?"

"இப்பதான். டாக்ஸியிலை ஏத்தி விட்டிட்டன்."

தலைவர் என்ற சொல்லில் எனக்கு அப்போதே ஒரு சலிப்பு இருந்தது. ரொறன்ரோவில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஏதோ ஒன்றுக்குத் தலைவர்கள். பழைய மாணவர் சங்கத் தலைவர், கோயில் சபைத் தலைவர், அந்தச் சபையோடு கோபித்துக்கொண்டு போனவர்கள் தொடங்கிய சபையின் தலைவர். அவர்களுடைய மனைவிமார் எல்லாருக்கும் நான்தான் தைத்தேன். மற்றவர்களுடையதைத் தள்ளி வைத்துவிட்டுத் தங்களுடையதை முதலில் தை என்பார்கள். தலைமை என்று நான் அறிந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. டொக்டர் ஒன்பது மாடியும் ஏறி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். கசங்கிய சட்டை, கையில் ஒரு சின்னப் பை.

"எங்கட மாவட்டத்திலை சில ஊருக்கு இப்பிடித்தான் மலை ஏற வேணும். ஆனா அங்கை மேலை போனா ஒரு காட்சி தெரியும். இஞ்சை என்ன தெரியும்?"

"நெடுஞ்சாலை தெரியும்," என்றேன்.

அவர் பேசியது இங்கிலிஷ். நான் இங்கே எழுதுவது அது என் காதில் விழுந்த விதம். என் காதில் விழுந்தால் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார்கள்.

தேத்தண்ணி கொடுத்தேன். அளவு ரேப்பை எடுத்து அளக்கத் தொடங்கினேன். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்காத பெண்ணை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். கையைத் தூக்கு என்றால் தூக்கினார், திரும்பு என்றால் திரும்பினார். நான் ஒவ்வொரு அளவையும் எழுதும்போது எட்டிப் பார்த்து, "நல்ல இலக்கம்," என்று சொன்னார்.

துணிதான் பிரச்சினை. முழு நீளச் சட்டைக்குப் போதுமான துணி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் மாமியார் கலியாணத்துக்கு எடுத்துத் தந்த கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை. அந்த நிறத்தில் என்னைப் பார்த்தால் காய்ச்சல்காரி போல் இருக்கும். எட்டு வருடமாக அலுமாரியின் அடியில் கிடந்தது. மாமியார் யாழ்ப்பாணத்தில் பத்திரமாக இருந்தார். சேலையில் கத்தரிக்கோலை வைத்தேன். ஆறு மாதமாகத் தைத்த சட்டைகள் எதிலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை.

வெட்டிக்கொண்டே கேட்டேன், "நீங்கள் என்ன டொக்டர்? இருதயமோ, கண்ணோ?"

"எய்ட்ஸ்," என்றார். "ஒரு மாவட்டம் முழுக்க என்ர பொறுப்பு. கிழக்காபிரிக்காவிலை, ஒரு பெரிய ஏரிக்கரை."

நான் தலையாட்டினேன். "இப்ப நீ நான் குடிச்ச கோப்பையைப் பாத்தனி," என்றார்.

"இல்லை."

"பாத்தனி. எல்லாரும் பாக்கிறவை. எனக்கு மேலை இருக்கிற பெரியவரும் பாத்தவர். அவர் பிறகு தன்ர கந்தோருக்கு வாற ஆக்களுக்கெண்டு கடதாசிக் கோப்பை வாங்கி வைச்சார். எய்ட்ஸுக்கு அவர் எடுத்த முதல் நடவடிக்கை அதுதான்."

சொல்லிவிட்டு மிச்சத் தேத்தண்ணியையும் குடித்தார். நான் அடிக்கழுத்துவரை சிவந்து போனேன். ஆனால் அது கடைசி வெட்கம் இல்லை.

நாலு மணியளவில் சட்டைக்கு ஒரு உருவம் வந்தது. அவருக்குப் போட்டுவிட்டு, கமக்கட்டுக்குக் கீழே குண்டூசி குத்தி இறுக்கிக்கொண்டிருந்தேன். தைக்கிறவர்கள் எல்லாரையும் போல எனக்கும் ஊசிகளை உதட்டில் கவ்வி வைத்திருக்கிற பழக்கம். ஒரு ஊசி துணியைத் தாண்டி அவருடைய தோலில் இறங்கியது. "ஆ," என்றார். இழுத்து எடுத்தேன். ஒரு சொட்டு இரத்தம் வந்து என் விரலில் பட்டது. பழக்க தோஷத்தில் அந்த ஊசி என் வாயை நோக்கிப் போனது.

அவர் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். பிடி இரும்பு.

"வாயிலை இருக்கிறதையும் துப்பு," என்றார். துப்பினேன். "விரலிலை காயம், கீறல் ஏதும் இருக்கோ? காட்டு." காட்டினேன். இல்லை. "சவுக்காரம் இருக்கோ?"

"ஓம்."

"போய்க் கழுவு. அந்த ஊசியை எறி. எனக்கு ஒரு பிளாஸ்டர் தா. அவ்வளவுதான்."

நான் குசினித் தொட்டியில் கையைக் கழுவினேன். கழுவினேன், கழுவினேன். தண்ணீர் சுடச்சுட ஓடியது. திரும்பி வந்தபோது அவர் கண்ணாடியில் தன் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு ஒரு கேள்வி கேக்க வேணும் போல கிடக்கு," என்றார்.

நான் ஈரக் கையைத் துடைத்தேன்.

"எனக்கு எய்ட்ஸ் வருத்தம் இருக்கோ இல்லையோ எண்டு. நான் சொல்ல மாட்டன். இருந்தாலும் நீ கழுவத்தான் வேணும். இல்லாட்டியும் கழுவத்தான் வேணும். பிறகு உனக்கு ஏன் பதில்? நீ உன்ர வேலையைப் பார். இந்தக் கை கொஞ்சம் இறுக்கம்."

கையை இளக்கிக் கொடுத்தேன். இருட்ட முதல் சட்டை முடிந்தது. என் கணவர் வேலையால் வந்து, தன் தாயின் சேலை ஒரு டொக்டரின் உடம்பில் நிற்பதைப் பார்த்து, நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு வெளியே வந்து மரியாதையாக அவரை ஹோட்டலில் கொண்டு போய் விட்டார்.

அவர்கள் போனதும் நான் போனை எடுத்து, நகர எல்லையில் மில்லிக்கனில் இருந்த என் மச்சாளைக் கூப்பிட்டேன். அண்ணாவின் மனைவி. நல்லவள், கொஞ்சம் படித்தவள். நடந்ததைச் சொன்னேன். "எனக்குப் பயமாக் கிடக்கு," என்றேன். "ஆருக்கும் சொல்லாதையும்," என்றும் சொன்னேன்.

"சீ, நான் ஆருக்குச் சொல்லப் போறன்," என்றாள் அவள்.

அடுத்த நாள் காலையில் கணவர் என்னையும் ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்தின் பின்பக்கம், கோப்பி மேசைக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துவிட்டு, "ஆரும் கேட்டா கோப்பி ஊத்தும்," என்றார். நிறையத் தலைவர்கள் இருந்தார்கள். ஆபிரிக்கர்கள், கனேடியர்கள், எந்த நாடு என்று தெரியாத கோட்டுக்காரர்கள். முதலில் பேசியவர் ஒரு பெரிய பதவிக்காரர். வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் படம் படமாகப் போட்டார். எல்லாம் மேலே போகிற கோடு. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் நித்திரை. அவர் முடித்ததும் கையைத் தட்டி எழும்பினார்கள்.

பிறகு டொக்டர் மேடையேறினார். கத்தரிப்பூ நிறம் அந்த வெளிச்சத்தில் அப்படி ஒரு அழகு. என் மாமியாரின் தெரிவைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"என்ர படங்கள் எல்லாம் பெட்டிக்குள்ளை," என்று தொடங்கினார். "பெட்டி எங்கை எண்டு தெரியாது. அதாலை நீங்கள் இண்டைக்குத் தப்பினீங்கள்."

அவர் கோடு எதுவும் போடவில்லை. லொறிகள் இரவு நிறுத்துகிற ஒரு ஊரில், தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். மாவட்டக் கூட்டங்களில் பெரியவர்கள் அந்த நோயின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு 'அந்த விஷயம்' என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கடைக்காரி டிரைவர்மாருக்குத் தேத்தண்ணியோடு ஆணுறையும் வைத்துக் கொடுத்தாளாம். சீனி வேணுமா என்று கேட்பதுபோல அதையும் கேட்பாளாம். "என்னைத் தலைவி எண்டு இஞ்சை கூப்பிட்டிருக்கிறீங்கள். நான் அவளிட்டைப் படிச்சனான். அவளுக்கு விசா கிடையாது," என்றார்.

கடைசியில் ஒருவர் எழும்பி, கனடா எப்படி உதவலாம் என்று நீளமாகக் கேட்டார். "கையுறை," என்றார் டொக்டர். கேட்டவர் இன்னும் வரும் என்று பேனையோடு காத்திருந்தார். "கையுறைதான். பிள்ளைப்பேறு பாக்கிற மருத்துவிச்சிமார் பொலித்தீன் பையைக் கையிலை கட்டிக்கொண்டு பாக்கினம். முதல் அதைத் தாங்கோ. பிறகு கூட்டம் வைப்பம்."

நான் கோப்பி மேசையில் இருந்து கைதட்டினேன். என் கணவர் கண்ணைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு கிழமை கழித்துப் பத்தாம் மாடி அன்ரி தன் கணவரை அனுப்பினார். பத்தாம் மாடி அன்ரிக்குத் தெரியாமல் எங்கள் கட்டடத்தில் ஒரு குழந்தை பிறக்காது. அரைகுறையாகத் தைத்த சட்டையை அப்படியே வாங்கி வரச் சொன்னாராம். "அவ்வளவு அவசரமில்லையாம்," என்றார் அங்கிள், என் கையிலிருந்து அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு. அடுத்த நாள் இன்னொருத்தி மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குத் தைக்கத் தந்த துணிகளைத் திருப்பி எடுத்தாள். உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "மெலிஞ்சு போனீர் அக்கா," என்றாள். நான் அறியாமல் சந்தோஷப்பட்டேன். அந்தக் கட்டடத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மேலே வந்து கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் கட்டடம் என்னை நோயாளி ஆக்கிவிட்டது மண்டையில் ஏறியது.

அந்தக் கிழமை முடிவில் மெஷின் சும்மா இருந்தது. டொக்டர் கூட்டம் முடிந்த பிறகும் மூன்று கிழமை பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சிக்காக நின்றார். பெட்டி வந்துவிட்டதாம், ஆனாலும் இன்னொரு சட்டை வேண்டும் என்று துணியோடு வந்தார். வந்தவர் வெறும் மேசையைப் பார்த்தார்.

"உனக்கு எப்பவும் வேலை கூட எண்டெல்லோ சொன்னனி?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். எனக்கு அந்த நோய் வந்துவிட்டது என்று கட்டடம் முழுக்கக் கதை என்றேன். பத்தாம் மாடி அன்ரிதான் பரப்பினவ என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு நிமிடம் என் முதுகைத் தடவினார். பிறகு, இதை எப்படி எழுதுவது, சந்தோஷமாகிவிட்டார். வேலைக்குப் புறப்படுகிறவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

"ஆரிலை இருந்து ஆருக்குப் போனது எண்டு தேடிக்கொண்டு போறதுதான் என்ர வேலை. நோயைத் தேடினனான். கதையை ஒரு நாளும் தேடேல்லை. அவையளை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு."

"வரமாட்டினம்."

"ஒரு டொக்டர் வீட்டுக்கு வாறா, சும்மா பாப்பா, காத்திருக்கத் தேவையில்லை எண்டு சொல்லு."

ஏழு பேர் வந்தார்கள். பத்தாம் மாடி அன்ரி முதலாவதாக வந்து, கதவுக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்தார். தேத்தண்ணி வேண்டாம் என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லாரும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தார்களாம்.

முதல் ஒரு மணித்தியாலம் டொக்டர் முழங்கால் பார்த்தார். சீனி வருத்தம், பிரஷர், காலில் எரிவு, தலைச்சுற்று. நான் மொழிபெயர்த்தேன். அன்ரி தன் கால் இரண்டையும் நீட்டிக் காட்டினார். டொக்டர் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பார்த்தார். எய்ட்ஸ் டொக்டரின் மடியில் தன் கால் இருப்பது அன்ரிக்குப் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அந்த அழுத்தல் சுகமாக இருந்திருக்க வேண்டும். காலை இழுக்கவில்லை.

பிறகு டொக்டர் என் வெட்டு மேசையில் பிறவுண் பேப்பரை விரித்து, நீலச் சோக்கை எடுத்தார்.

"இப்ப எனக்கு ஒரு உதவி. இந்தப் பிள்ளைக்கு வருத்தம் எண்டு ஒரு கதை. நான் ஒருத்தரையும் பேச மாட்டன். ஆரிட்டை இருந்து கேட்டனீங்கள், என்ன கேட்டனீங்கள், அது மட்டும் சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்த்து முடிக்க முதலே அறை குளிர்ந்தது. இரண்டு பேர் கதவைப் பார்த்தார்கள். கடைசியில் தோய்க்கிற அறைப் பெண் தொடங்கினாள். அவள் கேள்விப்பட்டது நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன் என்று. அதனால்தான் என்னைக் கண்டதும் அப்படிப் பார்த்தாளாம். சொன்னது யார்? பக்கத்தில் இருந்தவள். டொக்டர் ஒரு வட்டம், ஒரு கோடு, இன்னொரு வட்டம் போட்டார். பக்கத்தில் இருந்தவள் கேள்விப்பட்டது எனக்கு வருத்தம் வந்துவிட்டது என்று மட்டும்தான். ஆஸ்பத்திரி அவள் தானாகச் சேர்த்தது. "நான் நினைச்சன், வந்தா அங்கைதானே வைச்சிருப்பினம் எண்டு," என்றாள். அவளுக்குச் சொன்னவள் கேட்டது ஊசி எனக்குக் குத்தியது என்று. அவளுக்குச் சொன்னது பத்தாம் மாடி அன்ரி.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றார் அன்ரி. "ஊசி டொக்டருக்குத்தான் குத்தினது எண்டு நான் வடிவாச் சொன்னனான். உவள்தான் மாத்திச் சொன்னவள்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று டொக்டர் கேட்கச் சொன்னார்.

"அது, பொதுவாக் கதைச்சினம்."

டொக்டர் சோக்கைப் பிடித்தபடி காத்திருந்தார். அவர் எவ்வளவு நேரமும் காத்திருப்பார் என்று தெரிந்தது. அன்ரி சேலைத் தலைப்பை இழுத்து விட்டார். என்னைப் பார்த்தார். இரக்கப்பட்டுப் பார்த்தார், அதுதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"மில்லிக்கனிலை இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தது," என்றார். "உன்ர மச்சாள்தான் பிள்ளை. நீ அழுதனி எண்டு சொன்னா. பக்கத்திலை இருக்கிறனீங்கள், ஒருக்காப் போய்ப் பாருங்கோ எண்டுதான் எடுத்தவ. எனக்கு வரப் பயமாக் கிடந்தது."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டும். அந்த அறையில் என்னைத் தவிர அதற்கு ஆள் இல்லை. "மில்லிக்கனிலை இருக்கிற என்ர மச்சாள்," என்றேன். டொக்டர் வட்டம் போட்டார். "அவவுக்கு ஆர் சொன்னது?" என்று என்னிடமே கேட்டார். சோக்கு பேப்பரில் காத்திருந்தது.

"நான்," என்றேன்.

டொக்டர் கடைசி வட்டத்தைப் போட்டு, அதற்குள் ஒரு சின்ன ஊசி வரைந்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்கிக் கண்ணீர் வரச் சிரித்தார். என்ன என்று விளங்க முதலே மற்றவர்களும் சிரித்தார்கள். அன்ரிதான் பலமாக. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நாள் அந்த மனிசியைத் திட்டித் தீர்த்திருந்தேன். என் கணவருக்கே காது புளித்துப்போயிருந்தது.

"ஏன் எனக்குப் போன் எடுக்கேல்லை? பயமெண்டா என்னை எல்லோ கேட்டிருக்க வேணும்," என்றார் டொக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வெக்கமாக் கிடந்தது."

"எல்லாருக்கும் அப்பிடித்தான்," என்றார். எழும்பி, எல்லாருக்கும் தேத்தண்ணி வை என்றார். இந்த முறை ஐந்து பேர் குடித்தார்கள். அன்ரி தன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார், யோசித்தார், பிறகு சீனி காணாது என்றார்.

அதன் பிறகு கேள்விகள் வந்தன. நுளம்பு கடித்தால் வருமா, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வருமா. கணவர்மாரைப் பற்றியும் ஒன்றிரண்டு கேள்வி வந்தது. அவற்றை எல்லாரும் 'எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு' என்றுதான் கேட்டார்கள். சில சொற்களுக்குத் தமிழ் இல்லாமல் நான் திணறினேன். இருந்த சொற்கள் எல்லாம் சண்டையில் மட்டும் சொல்கிறவை. ஒரு கட்டத்தில் அன்ரியே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். அந்த வயதில் அந்தச் சொல் அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு பேர் போய்விட்டார்கள். நாலாம் மாடியில் இருந்த ஒருத்தி, முப்பது வயது, கூட்டம் முழுக்க ஒரு சொல் பேசாதவள், கோப்பைகளைக் கழுவித் தருகிறேன் என்று நின்றுவிட்டாள். இரண்டு கோப்பை கழுவினாள். பிறகு குழாயைப் பூட்டாமலே, "அக்கா, நான் டொக்டரிட்டை ஒண்டு கேக்க வேணும். நீங்கள் சொல்லித் தருவீங்களோ?" என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். குசினிக்குள் மூன்று பேர் நிற்க இடமில்லை, நெருங்கித்தான் நின்றோம். டொக்டர் சிரிப்பை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. அவள் கேட்டதை நான் இங்கிலிஷில் சொன்னேன், டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை டொக்டர் தன் வகுப்பை விட்டுவிட்டு வந்து, எங்கள் இருவரையும் ஸ்ட்ரீட்காரில் ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

என்ன கேட்டாள், என்ன பதில் வந்தது என்று நான் அப்போதும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. மச்சாளிடம்கூடச் சொல்லவில்லை. என் கணவர் ஒரு முறை கேட்டார். அவருடைய தாயின் சேலைக்கு என் கத்தரிக்கோல் செய்ததை ஞாபகப்படுத்தினேன், விட்டுவிட்டார். பத்தாம் மாடி அன்ரி வருடக்கணக்காக முயன்றார். "அண்டைக்கு உவள் நிண்டவள், என்ன கதை?" என்பார், அளவெடுக்கிற நேரம் பார்த்து. "கழுத்து இறக்கம் கேட்டவ அன்ரி," என்பேன்.

டொக்டர் மாத முடிவில் போனார். இரண்டாவது சட்டையை விமான நிலையத்துக்குப் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பெரிய மண்டபத்தில் இருந்தவர்கள் கையுறை அனுப்பினார்களா என்று எனக்குத் தெரியாது. என் கணவர் ஹோட்டல் குசினியில் இருந்து இரண்டு பெட்டி கையுறையை டொக்டரின் பெட்டிக்குள் வைத்தார் என்பது மட்டும் தெரியும். எப்படி எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

நாலாம் மாடிக்காரி இரண்டு வருடம் கழித்து நகரின் கிழக்கே ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போனாள். நூற்றாண்டு முடிய முன், ஒரு மார்கழியில் தன் எட்டு வயது மகளோடு வந்தாள். பிள்ளைக்கு நடன நிகழ்ச்சிக்குச் சட்டை தைக்க வேண்டும். உள்ளே லைனிங் துணி வைப்பதா விடுவதா என்பதைப் பற்றி மட்டும் நானும் அவளும் அரை மணித்தியாலம் வாதாடினோம். பிள்ளை சலித்துப்போய், "அம்மா, can we go?" என்றது. லைனிங் வைத்தேன்.